பால் புரையேறி மூச்சே நின்றுவிடுகிற மாதிரி ஆகிறது, மூன்று வாரக் குழந்தை. உங்களுக்கு நடந்திருக்கிறதா?

அரைத்தூக்கம் | இரவு 2:50

வணக்கம். மகளுக்கு இன்னும் மூன்று வாரம் முடியவில்லை. மாதம் நிறைந்து, சிசேரியனில் பிறந்தவள். எடை ஏறுகிறது, ஈரத்துணி மாற்றி மாளவில்லை, அழுகைக்கும் குறைவில்லை.

பிரச்சினை பால் குடிக்கும்போதுதான். முதல் சில நிமிடம் மடக் மடக்கென்று விழுங்குகிறாள். திடீரென்று காம்பை விட்டுவிட்டு, கண்ணை அகல விரித்து, வாயைத் திறந்தபடி அப்படியே இருக்கிறாள். சத்தமே இல்லை. கைவிரல் பத்தும் விரிந்திருக்கும். சில நொடி கழித்து ஒரு இருமல், அப்புறம் வீறிட்ட அழுகை. அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்துவிடுகிறது.

நேற்று இரவு அதற்கும் மேலே. குடித்து, ஏப்பம் விட்டு, மல்லாக்கப் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மூக்கு வழியாகப் பால் வந்தது. மூச்சு விடாமல் விறைத்துக் கிடந்தாள். தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவியதும் சரியாகிவிட்டது. ஆனால் அப்போதிலிருந்து நானும் கணவரும் முறைவைத்து விழித்திருக்கிறோம். ஒருவர் கண்ணயர்ந்தால் இன்னொருவர் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது எல்லாக் குழந்தைக்கும் வருவதா? நிஜமாகவே அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் பெரியவர்கள் குப்புறப் போடு, ஒருக்களித்துப் போடு என்கிறார்கள். அதைக் கேட்கலாமா?


இருவர்_அப்பா | இரவு 3:12

இந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் எல்லாரும் இங்கேதான் இருப்போம் போல. எங்கள் வீட்டில் இரட்டையர், 35 வாரத்தில் பிறந்தவர்கள். நீங்கள் சொன்ன அந்த விரிந்த விரல்களை என் கண்ணாலேயே பார்த்தது மாதிரி இருக்கிறது. எங்களுக்கு மருத்துவமனையில் சொன்னது இது: உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் வரிசையாகச் செய்யும் திறன் கருவில் 34 வாரம் வாக்கில்தான் கூடிவருகிறது. மாதம் நிறைந்த குழந்தைகூடப் பிறந்த பிறகு சில வாரம் அதைப் பழகித்தான் ஆகவேண்டும். எங்களுக்குப் படிப்படியாகக் குறைந்தது.

நேற்று இரவு நடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். பச்சிளம்வார்டு அக்கா வந்தால் பதில் சொல்வார்.


பச்சிளம்வார்டு | காலை 5:40

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மருத்துவர் அல்ல, அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அரைத்தூக்கம், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள். நேற்று இரவு உதடும் வாய் உள்பக்கமும் என்ன நிறத்தில் இருந்தன? கை கால் நீலமாக இருந்ததா என்று கேட்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்குக் கை கால் குளிரில் நீலமாவது சாதாரணம். உதடு, நாக்கு நீலமானால் அது வேறு கதை. உடம்பு விறைப்பாக இருந்ததா, துவண்டு போயிருந்ததா? நீங்கள் தூக்கியதும் தானே மூச்சு விட்டாளா? காய்ச்சல் உண்டா?


அரைத்தூக்கம் | காலை 5:58

விறைப்பாகத்தான் இருந்தாள், துவளவில்லை. தூக்கியதும் இருமி அழுதாள். காய்ச்சல் இல்லை. உதடு... இரவு விளக்கில் சரியாகத் தெரியவில்லை. வாயைச் சுற்றிக் கருமை தட்டியது போல எனக்குத் தோன்றியது. கணவர் இல்லை என்கிறார். எத்தனை நொடி என்றால் எனக்கு ஒரு யுகம். நிமிடம் ஆகியிருக்காது.


பச்சிளம்வார்டு | காலை 6:15

சரி. அப்படியென்றால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இணையத்தில் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற விஷயம் இல்லை இது. பயமுறுத்தவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் திடீரென்று நிறம் மாறி, அல்லது மூச்சு நின்று, அல்லது உடம்பு விறைத்தோ துவண்டோ போய், ஒரு நிமிடத்துக்குள் தானே சரியாகி, பரிசோதித்தாலும் காரணம் பிடிபடவில்லை என்றால் அதற்கு மருத்துவத்தில் ‘ப்ரூ’ என்று ஒரு பெயர் உண்டு. 2016-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி கொண்டுவந்தது. அதில் எந்தக் குழந்தைக்கு ஆபத்து குறைவு என்று பிரிக்க ஒரு வரையறை வைத்தார்கள். முதல் நிபந்தனையே குழந்தைக்கு 60 நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும் என்பது. உங்கள் மகள் அந்த வயதை எட்டவில்லை. அதனால் ‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று வீட்டில் விட்டுவைக்க மாட்டோம். பெரும்பாலும் எதுக்களிப்பு, வேகமாகப் பால் இறங்குவது என்றுதான் முடியும். அதை நேரில் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது, பால் குடித்து எவ்வளவு நேரம் கழித்து நடந்தது, தூங்கிக்கொண்டிருந்தாளா விழித்திருந்தாளா, நீங்கள் என்ன செய்ததும் சரியானது என்று எழுதி எடுத்துப் போங்கள். தூக்கமில்லாத மூளை அங்கே போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். பால் குடிக்கும்போது வருவதைக் கணவர் ஒருமுறை வீடியோ எடுத்தால் பத்து நிமிட விளக்கத்தை அது மிச்சப்படுத்தும். வீடியோவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

வழியில் மறுபடி மூச்சு நின்றாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினால் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.


நாலுபேரன்பாட்டி | காலை 8:20

நான் நான்கு பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். மருத்துவரிடம் காட்டச் சொன்னது சரிதான். ஆனால் மல்லாக்கப் போட்டால் கக்கியது தொண்டையில்தானே போய் நிற்கும்? குப்புறப் போட்டால் வெளியே வந்துவிடும். என் பிள்ளைகள் எல்லாரும் குப்புறத்தான் தூங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இப்போது வந்த விதிகளைப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது போல இருக்கிறது.


இருவர்_அப்பா | காலை 8:41

அம்மா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் ‘என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஆகாதவர்கள்தானே வந்து சொல்கிறோம்.


பச்சிளம்வார்டு | காலை 9:05

பாட்டி கேட்டது நியாயமான சந்தேகம். எங்கள் வார்டில் படித்த அப்பாக்களும் இதையேதான் கேட்கிறார்கள். உடம்பின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

மூச்சுக்குழாய் முன்பக்கம், உணவுக்குழாய் அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி. குழந்தை மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதுக்களித்து வரும் பால் கீழே இருக்கிற குழாயில்தான் வருகிறது. அது மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் தலைகீழ். மூச்சுக்குழாய் அடியில் வந்துவிடும், வழிகிற பால் அதன் வாய்க்கே போய்த் தேங்கும். மல்லாக்கப் படுத்த குழந்தை கக்கினால் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் விழுங்கியோ இருமியோ தானே வழியைச் சுத்தம் செய்துகொள்ளும்.

அமெரிக்காவில் 1992-இல் குழந்தைகளைக் குப்புறத் தூங்கவைக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். 1994-இல் அதைப் பெரிய பிரசாரமாகவே நடத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது. எல்லாரும் பயந்த மாதிரி புரையேறி இறப்பது கூடவில்லை. எதுக்களிப்பு உள்ள குழந்தைக்கும் இதே விதிதான். மருத்துவர் தனியாகக் காரணம் சொன்னால் மட்டும் மாற்றம்.

ஒருக்களித்துப் போட்டால் குழந்தை எளிதில் குப்புறப் புரண்டுவிடும். மெத்தைக்கு அடியில் தலையணை வைத்துச் சாய்ப்பதும் வேண்டாம். குழந்தை கீழே சரிந்து, தாடை நெஞ்சில் முட்டினால் அந்தச் சின்ன மூச்சுக்குழாய் மடங்கிவிடும். சாய்வு இருக்கையிலும் கார் இருக்கையிலும் தூங்கவிடக் கூடாது என்பதும் இதனால்தான். பயணத்தில் தூங்கினால், போய்ச் சேர்ந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள்.

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது, குப்புறப் போடுங்கள் பாட்டி. கழுத்துக்கு நல்லது. தூக்கத்துக்கு மட்டும் வேண்டாம்.


நாலுபேரன்பாட்டி | காலை 9:30

குழாய் எது மேலே எது கீழே என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மல்லாக்க என்றால் மல்லாக்க. ஆனால் போர்வையும் தலையணையும் இல்லாத தொட்டிலைப் பார்த்தால் மனசுக்கு என்னவோ போல இருக்கிறது, அதைச் சொல்லத்தான் செய்வேன்.


தென்றல்82 | காலை 10:10

அரைத்தூக்கம், நீங்கள் எழுதியதில் ‘முதல் சில நிமிடம் மடக் மடக்கென்று’ என்ற இடம்தான் எனக்குப் பட்டது. அது என் கதை. பால் அளவுக்கு மீறி வேகமாக இறங்கியது. குழந்தை உறிஞ்ச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பால் பீய்ச்சும், அவனுக்கோ குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே வாயைக் காட்டச் சொன்னது போல. காம்பை விட்ட பிறகும் பால் அவன் முகத்தில் தெறிக்கும். உங்களுக்கும் அப்படியா என்று பாருங்கள்.

எனக்குப் பலன் தந்தவை:

நிமிர்ந்து உட்கார்ந்து குனிந்து கொடுப்பதை விட்டேன். நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு, அவனை என் மேல் வயிறோடு வயிறாகப் போட்டுக் குடிக்கவிட்டேன். பால் மேல்நோக்கி வரவேண்டியிருப்பதால் வேகம் தணிகிறது. அதிகமானால் அவன் தலையைத் தூக்கிக்கொள்வான், பால் வாயோரம் வழிந்து போய்விடும்.

பால் இறங்கும் அந்தச் சுரீர் உணர்வு வந்ததும் வாயை எடுத்துவிட்டு, முதல் வேகம் அடங்கும்வரை ஒரு துணியில் பிடித்துக்கொள்வேன். அப்புறம் மறுபடி கொடுப்பேன். அவன் ரொம்பப் பசியாகி அலறும்வரை காத்திருக்காமல், வாயைச் சப்புக்கொட்டும்போதே கொடுத்தேன். அலறிக்கொண்டு வந்தால் முதல் மிடறே பெரிதாக இழுப்பான்.

பக்கவாட்டில் இருவரும் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். ஆனால் இரவில் அப்படியே தூங்கிவிடுகிற அபாயம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பக்கம் மட்டும் பல மணி நேரம் கொடுத்துப் பால் சுரப்பைக் குறைக்கிற முறை ஒன்று உண்டு. அதைத் தாய்ப்பால் ஆலோசகர் சொல்லாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். பால் ஒரேயடியாகக் குறைந்து போகலாம், கட்டிக்கொள்ளவும் செய்யும்.


சின்னப்புட்டி | காலை 10:45

நாங்கள் பாட்டிலில்தான் கொடுக்கிறோம். அதனால் தாய்ப்பால் பதிலாகவே வந்துகொண்டிருந்தால் எங்களுக்கு உதவாது :) எங்கள் பையனுக்கும் இதே. நிப்பிளை மாற்றலாமா?


பச்சிளம்வார்டு | காலை 11:20

தூங்கப் போகலாம் என்று பார்த்தேன், இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நிப்பிள் மாற்றுவதற்கு முன் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். குழந்தையைப் படுத்த வாக்கில் வைத்துப் பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்தால், குழந்தை உறிஞ்சினாலும் உறிஞ்சாவிட்டாலும் பால் கொட்டும். விழுங்காவிட்டால் மூழ்கும். அதனால் விழுங்குவதை நிறுத்த முடியாது, மூச்சுவிட இடம் கிடைக்காது. குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்தி வைத்து, தலைக்குப் பின்னால் கையை வையுங்கள். பாட்டிலைக் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். நாலைந்து மிடறு ஆனதும் நிப்பிளை எடுக்காமல் பாட்டிலின் அடியைத் தாழ்த்துங்கள். பால் பின்னால் போய்விடும். குழந்தை இரண்டு மூச்சு விட்டுக்கொள்ளும். மறுபடி உயர்த்துங்கள். ஒரு பாட்டில் முடிய 15, 20 நிமிடம் ஆனால் நல்ல வேகம்தான்.

அப்புறம் நிப்பிள். மெதுவான ஓட்டம் என்று எழுதியிருப்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு வேகம். எழுத்தை நம்பாமல் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். புருவம் மேலே ஏறுகிறது, மூக்குத் துவாரம் விரிகிறது, பால் வாயோரம் வழிகிறது, விரல்கள் விரிகின்றன, தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றால் ‘கொஞ்சம் நிறுத்து’ என்று அர்த்தம். வாய் பேசாதவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அந்த நேரத்தில் நிறுத்தினால் புரையேறுவதில் பாதி நடக்கவே நடக்காது. ஓட்டையைப் பெரிதாக்குவது, பாட்டிலைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுப் போவது இரண்டும் கூடவே கூடாது. பாலைக் கெட்டியாக்குகிற பொடி எதையும் மருத்துவர் சொல்லாமல் கலக்காதீர்கள், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு.

அரைத்தூக்கம் ‘சத்தமே இல்லை’ என்று எழுதினாரே, அது எல்லாரையும் பயமுறுத்துகிற இடம். பெரியவர்களுக்குக் குரல்வளையில் ஒரு சொட்டு பட்டால் உடனே இருமல் வரும். பிறந்த குழந்தைக்கு அந்த இருமல் இன்னும் பழக்கமாகவில்லை. திரவம் பட்டதும் அதன் உடம்பு செய்கிற முதல் வேலை மூச்சை நிறுத்தி, வழியை மூடி, விழுங்குவது. அதாவது நுரையீரலுக்குள் போகாமல் காப்பது. அந்தச் சில நொடி அமைதி பெரும்பாலும் அந்த வேலைதான். வளர வளர இருமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நொடிகள் நீண்டாலோ நிறம் மாறினாலோ அதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.


கேள்விக்குறி | பிற்பகல் 1:30

யாரும் முதலுதவியைப் பற்றிச் சொல்லவில்லையே? நிஜமாகவே அடைத்துக்கொண்டால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்ட வேண்டும் என்று எங்கேயோ பார்த்தேன்.


இருவர்_அப்பா | பிற்பகல் 1:38

தொங்கவிடாதீர்கள்! வழுக்கி விழுந்தால் அது வேறு ஆபத்து. நாங்கள் குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துவரும் முன் ஒரு பொம்மையில் பழகினோம். அக்கா எழுந்ததும் முறையாகச் சொல்லட்டும்.


பச்சிளம்வார்டு | மாலை 5:50

எழுந்துவிட்டேன். இதைப் படித்துவிட்டுப் போகாமல், ஒரு துணிப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள். முடிந்தால் முதலுதவி வகுப்பு ஒன்றில் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

குழந்தை இருமுகிறதா, அழுகிறதா, ஓங்கரிக்கிறதா? அப்படியானால் காற்று போய் வருகிறது. முகம் சிவந்து சத்தம் போடுகிற குழந்தையை அடிக்காதீர்கள். பாலை நிறுத்துங்கள், நிமிர்த்தியோ முன்பக்கமாகச் சாய்த்தோ பிடியுங்கள், இருமவிடுங்கள். வாயோரம் வந்த பாலைத் துடைத்துவிடுங்கள். நூற்றில் பெரும்பாலானவை இதோடு முடிந்துவிடும்.

சத்தமே வரவில்லை, அழ முடியவில்லை, இருமல் பலவீனமாகிக்கொண்டே போகிறது, உதடு நீலமாகிறது என்றால்தான் அடுத்த கட்டம். பக்கத்தில் யாராவது இருந்தால் அவசர உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

உட்காருங்கள். குழந்தையை முகம் கீழே பார்க்க உங்கள் முன்கையின் மேல் படுக்கவையுங்கள். முன்கை உங்கள் தொடைமேல் இருக்கட்டும். தலை இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தாடை எலும்பை விரல்களால் தாங்குங்கள், தொண்டையை அழுத்தாதீர்கள். மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே 5 தட்டு. செல்லமாகத் தட்டுவது இல்லை, உறுதியான தட்டு. வாயைப் பாருங்கள். சரியாகவில்லையா? தலையையும் கழுத்தையும் தாங்கியபடி மல்லாக்கத் திருப்புங்கள். அப்போதும் தலை தாழ்ந்தே இருக்கட்டும். நெஞ்சின் நடுவில், இரு காம்புகளையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே 5 முறை அழுத்துங்கள். மறுபடி 5 தட்டு, 5 அழுத்தம். அடைப்பு நீங்கும்வரை அல்லது குழந்தை நினைவிழக்கும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

நினைவிழந்து துவண்டுவிட்டால் கெட்டியான தரையில் கிடத்தி சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு கொடுக்கும் முதலுதவி. தனியாக இருப்பவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் சுமார் 4 செ.மீ. மூச்சு கொடுக்கும்போது உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொள்ளுங்கள். நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதினால் போதும். ஒவ்வொரு முறையும் மூச்சு கொடுக்கும் முன் வாயைப் பாருங்கள். அடைத்த பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள்.

செய்யக் கூடாதவை: பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது, பொருளை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் அடிபடும். குலுக்குவது, வாயில் தண்ணீர் விடுவது எதுவும் வேண்டாம்.

தட்டி அழுத்திச் சரியான குழந்தையையும் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.


தென்றல்82 | மாலை 6:20

ஒரு சந்தேகம். நான் கற்றுக்கொண்டபோது நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தச் சொன்னார்கள். இப்போது வேறு மாதிரி சொல்கிறார்களாமே?


பச்சிளம்வார்டு | மாலை 6:35

ஆமாம். 2025-இல் அமெரிக்க இதயச் சங்கம் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, ஒரு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தால் அழுத்தச் சொன்னது. விரல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும், ஆழமும் போதாது. வேறு சில அமைப்புகளின் வகுப்புகளில் இன்னும் விரல் முறை சொல்லித்தரலாம். உங்கள் வகுப்பில் கற்ற முறை எதுவோ அதைத் தயங்காமல் செய்யுங்கள். அந்த நிமிடத்தில் எந்த முறை என்று நின்று யோசிப்பதுதான் கெடுதல்.


அரைத்தூக்கம் | இரவு 8:05

போய்வந்தோம். எல்லாருக்கும் நன்றி.

முழுக்கப் பரிசோதித்தார்கள். காலில் ஒரு கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவைச் சில மணி நேரம் பார்த்தார்கள். இதயம், நுரையீரல், அண்ணம் எல்லாம் பார்த்தார்கள். எடை ஏறுவதைப் பார்த்ததும் மருத்துவர் முகமே இளகிவிட்டது. அப்புறம் அவர் எதிரிலேயே பால் கொடுக்கச் சொன்னார். தென்றல் அக்கா சொன்னது அப்படியே நடந்தது. பால் பீய்ச்சி அவள் கண்ணிலேயே தெறித்தது. வேகமான பால் இறக்கம், கூடவே எதுக்களிப்பு என்றார். உணவுக்குழாயின் அடியில் இருக்கிற வளைதசை இன்னும் இறுகவில்லையாம். நான்கு மாத வாக்கில் எதுக்களிப்பு உச்சத்துக்குப் போய், ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடுமாம். மருந்து வேண்டாம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, நடுவில் ஏப்பம் எடு, குடித்தபின் ஒரு 20 நிமிடம் நிமிர்த்தி வை. ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், நிறம் மாறினால் உடனே.

பிறந்த முதல் இரண்டு நாள் நுரை நுரையாகக் கக்கியதைப் பற்றியும் கேட்டேன். நுரையீரலிலும் வயிற்றிலும் மிச்சமிருந்த நீரும் கோழையும்தான், சிசேரியன் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம் பார்க்கலாம் என்றார்.

சாய்ந்து உட்கார்ந்து கொடுத்துப் பார்த்தேன். ஒருமுறை இருமினாள், அவ்வளவுதான். ஆனால் எனக்குத்தான் இன்னும் கண்ணை மூடினால் அந்த முகம் வருகிறது. மூச்சைக் கண்காணிக்கும் காலுறை மாதிரி ஒன்று விற்கிறார்களே, வாங்கலாமா?


சின்னப்புட்டி | இரவு 8:30

நாங்கள் வாங்கினோம். காலிலிருந்து கொஞ்சம் நழுவினால்கூட அலறும். பாதி ராத்திரியில் அது அலறி, நாங்கள் அலறி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த பையனும் எழுந்து அலறுவான். இழுப்பறையில் கிடக்கிறது.


பச்சிளம்வார்டு | இரவு 8:50

நல்ல செய்தி. மருத்துவர் பால் கொடுப்பதை நேரில் பார்த்தாரே, அதுதான் சரியான பரிசோதனை.

கருவி விஷயம்: கடையில் வாங்குகிற கண்காணிப்புக் கருவியால் தூக்கத்தில் நேரும் மரணத்தைத் தடுக்க முடியும் என்று காட்டப்படவில்லை. அதற்காக வாங்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவ அகாதமியும் சொல்கிறது. சில குழந்தைகளுக்கு மருத்துவர்களே வீட்டுக்குக் கருவி கொடுத்து அனுப்புவார்கள். அது வேறு. நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிறந்த குழந்தை வேக வேகமாக மூச்சு விட்டு, 5, 10 நொடி நிறுத்தி, மறுபடி விடும். இது தூக்கத்தில் இயல்பு. 20 நொடிக்கு நீண்டால், அல்லது நிறம் மாறினால் இயல்பு இல்லை.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் இருவரின் தூக்கம்தான். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்காணிப்பார்கள், விடியற்காலையில் அப்படியே கண்ணயர்வார்கள். புரையேறுவதற்குப் பயந்து அதைவிடப் பெரிய ஆபத்தில் போய் உட்காருகிறோம். தூக்கம் வருகிறது என்றால் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொட்டில் இருக்கட்டும்.

கண்ணை மூடினால் அந்த முகம் வருகிறது என்றீர்கள். அதையும் அடுத்த வாரம் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை, திரும்பத் திரும்ப எழுந்து மூச்சைத் தொட்டுப் பார்க்கிறீர்கள் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் பதற்றமாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. அம்மா பலவீனமானவள் என்று யாரும் எழுதிவைக்கமாட்டார்கள்.


இருவர்_அப்பா | இரவு 9:15

அப்பாக்களுக்கும் வரும். எனக்கு வந்தது. மனைவி தூங்கினாள், நான் விழித்திருந்தேன். முறை வைத்துக் காவல் இருப்பதைவிட, முறை வைத்துத் தூங்குவது என்று மாற்றிக்கொண்டோம். இவர் இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை தூங்கியே ஆக வேண்டும், வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பெயர்தான் மாறியது, ஆனால் வேலை செய்தது.


கேள்விக்குறி | மறுநாள் காலை 7:10

எங்கள் குழந்தைக்கு ஒன்றரை மாதம். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. மல்லாக்கப் படுத்தால் அதிகம், பால் குடிக்கும்போதும் அதிகம். அடிக்கடி புரையேறுகிறது. இதுவும் பால் வேகம்தானா?


பச்சிளம்வார்டு | மறுநாள் காலை 7:45

இல்லாமலும் இருக்கலாம், காட்டிவிடுங்கள். குரல்வளைக்கு மேலே உள்ள சதை இளகி, மூச்சு இழுக்கும்போது உள்ளே மடிந்தால் இப்படிச் சத்தம் வரும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானே சரியாகிவிடும். எடை ஏறாவிட்டாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுந்தாலும் காது மூக்கு தொண்டை நிபுணர் பார்க்க வேண்டும்.

வேறு சிலவும் பொதுவாகச் சொல்லிவைக்கிறேன். பிறந்ததிலிருந்தே எச்சில் நுரையாக வழிந்து, ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் நீலமாகிறது என்றால் உணவுக்குழாயிலேயே பிறவிக் கோளாறு இருக்கலாம். வாயை மூடினால் நீலம், அழுதால் சிவப்பு என்று மாறினால் மூக்குவழி அடைப்பாக இருக்கலாம். இவை பெரும்பாலும் மருத்துவமனையிலேயே பிடிபட்டுவிடும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, களைத்து, பாதியில் தூங்கிவிடும் குழந்தைக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது விடாத இருமல் இருந்தால் குழந்தையிடம் அண்டவிடாதீர்கள். கக்குவான் இருமல் பிறந்த குழந்தைக்கு இருமலாக வராமலேயே மூச்சு நிற்பதாக வரும்.


சின்னப்புட்டி | மறுநாள் காலை 9:00

கடைசியாக ஒன்று. பால்கூடப் பரவாயில்லை, வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தால்தான் எங்கள் பையன் ஒவ்வொரு நாளும் திணறுகிறான். நிறுத்திவிடலாமா?


பச்சிளம்வார்டு | மறுநாள் காலை 9:25

நிறுத்தாதீர்கள், கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். இது சின்ன விஷயமில்லை. பிரான்சில் 2016 டிசம்பரில் ஒரு பச்சிளம் குழந்தை வைட்டமின் டி மருந்து கொடுத்ததும் மூச்சுத்திணறி இறந்தது. அடுத்த மாதமே அந்தத் தயாரிப்பின் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். கோளாறு வைட்டமினில் இல்லை, பீச்சியால் வாய்க்குள் செலுத்துகிற முறையில்.

படுத்திருக்கும்போது, அழும்போது, தூக்கக் கலக்கத்தில் கொடுக்காதீர்கள். பாதி நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, பீச்சியின் முனையைத் தொண்டைக்கு நேராக நீட்டாமல் கன்னத்தின் உட்பக்கம் வையுங்கள். ஒரு சொட்டு விட்டு, அவன் சப்பி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. பாலுக்கு முன்பே, கொஞ்சம் பசியோடு இருக்கும்போது கொடுத்தால் தானே சப்புவான். ஒரே சொட்டில் அன்றைய அளவு முழுவதும் அடங்குகிற மருந்தும் உண்டு, அதைக் காம்பிலோ நிப்பிளிலோ தடவிக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு மருந்தின் அடர்த்தியும் வேறு வேறு, பழைய அளவைப் புதியதில் கொடுத்துவிடாதீர்கள். மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.